அளவுக் கொப்பியும் கிளினிக் கொப்பியும்

தையல்காரியிட்டை வாற எந்தப் பொம்பிளையும் தான் மொத்திப்போனன் எண்டு இதுவரைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. துணி சுருங்கிப்போச்சு, சவுக்காரம் சரியில்லை, போனமுறை நீர் பிழையா அளந்திட்டீர் எண்டு ஆயிரம் நியாயம் சொல்லுவினம். நானும் "ஓமோம், சவுக்காரம்தான்" எண்டு சொல்லிக்கொண்டே நாடாவை இழுத்துப் பிடிச்சு, உள்ள அளவைக் கொப்பியிலை எழுதிப்போடுவன். வாய் சொல்லுறதைக் கேக்கவேணும், உடம்பு சொல்லுறதை எழுதவேணும். எங்கடை தொழில் அவ்வளவுதான். டொக்டர்மாற்றை தொழிலும் அதுதானெண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன்.

கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையிலை என்ரை கடை. ரெண்டு மிசின், ஒரு வெட்டு மேசை, என்னோடை வேலை செய்யிற வசந்தி. வசந்திக்கு ஊசியை விட வாய் கூர். எனக்கு நாப்பத்தெட்டு வயசு. கடைசிச் சண்டைக்குள்ளாலை வந்தனான். என்ரை மனிசன் வரேல்லை, தம்பியும் வரேல்லை. கழுத்துக்குக் கீழை எனக்குச் செல் குண்டுத் துண்டு பட்ட தழும்பு ஒண்டு கிடக்கு. அதை மறைக்க நெடுகலும் கொலர் வைச்சுக் கழுத்து மூடின சட்டைதான் தைச்சுப் போடுறனான். அந்த இடத்தைக் கண்ணாடியிலையும் நான் பாக்கிறதில்லை. இந்த வெக்கையிலை உதை எப்பிடியடி போடுறாய் எண்டு கேக்கிறவைக்கு, கடைக்கு விளம்பரம் எண்டு சொல்லிவிடுவன்.

ரெண்டரை வருசத்துக்கு முந்தி நெஞ்சு இடிக்கத் தொடங்கிச்சு. பேந்து வேர்வை, மெலிவு, கடைசியாக் கை நடுக்கம். தையல்காரிக்குக் கை போனால் என்ன மிச்சம்? அந்தப் பயத்தோடைதான் ஆஸ்பத்திரிக்குப் போனன். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதேங்கோ, சொன்னால் நான் திரும்பி அங்கை போகேலாது. விடியவே போய் நம்பர் எடுத்து, வாங்கிலை குந்தியிருந்து, "உங்களுக்கு ஒண்டுமில்லை" எண்ட நல்ல செய்தியையும் போகேக்கை இருந்த அதே நோய் வருத்தத்தையும் சேத்துக் காவிக்கொண்டு வீட்டை வந்த சொந்தங்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுறன்.

முதல் பக்கம்

டொக்டர் வருத்தத்தை எழுதுற கிளினிக் கொப்பியை நாங்கள்தான் வாங்கிக்கொண்டு போகவேணும், தெரியும்தானே. நானும் ஒரு கொப்பி வாங்கி, மட்டை பிஞ்சுபோகாமல் பழுப்புக் கடதாசியிலை உறை போட்டன். கடையிலை இருக்கிற என்ரை அளவுக் கொப்பிக்கும் அதே உறைதான். முதல்நாள் இருந்த டொக்டர் நல்ல மனிசன், பால்முகம். "நெஞ்சு இடிக்குது, கை நடுங்குது, மெலிஞ்சுபோனன்" எண்டன். "சண்டை நேரம் எங்கை இருந்தனீங்கள்?" எண்டு கேட்டார். சொன்னன். "வீட்டிலை ஆரும் செத்தவையோ?" அதையும் சொன்னன். பேனை ஓடத் தொடங்கிச்சு. ஆகா, வருத்தத்தைப் பிடிச்சிட்டார் எண்டு நினைச்சு நானும் இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொன்னன். அதுதான் நான் விட்ட பிழை. ஈசிஜி எடுத்தவை, சீனி பாத்தவை. நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்குதாம், மற்றும்படி பிழையில்லையாம். வேகத்துக்குக் காரணம் சண்டையிலை பட்ட மனசு எண்டு கொப்பியின்ரை முதல் பக்கத்திலை வடிவான இங்கிலிசிலை கிடந்துது.

அதுக்குப் பிறகு இன்னும் மூண்டு டொக்டர்மாரைக் கண்டிட்டன். எல்லாரும் ஒரே மாதிரி. கொப்பியைத் திறப்பினம், முதல் பக்கத்தை வாசிப்பினம், முகம் இளகும், தலை ஒரு பக்கம் சரியும். தலை சரிஞ்சுதெண்டால் என்ரை விசயம் முடிஞ்சுது, மற்றப் பக்கங்களை ஒருத்தரும் பிரட்டமாட்டினம். சண்டைக்குள்ளை இருக்காத ஆள் கொடிகாமத்திலை ஆர்? சந்தையிலை கத்தரிக்காய் விக்கிற அண்ணையும் இருந்தவர்தான். அவருக்குக் கை ஒரு துளி நடுங்காது, தராசு மட்டும்தான் ஆடும். இதை நான் ரெண்டாவது டொக்டருக்குச் சொல்லியும் பாத்தன். அவர் என்ரை கையை மெல்லத் தட்டிப்போட்டுச் சொன்னார்: "யோசிக்காதேங்கோ அம்மா. யோசிக்கிறதாலைதான் உப்பிடி வருது."

மூச்சை எண்ணின கதை

ஆலோசனை சொல்லுற ஒரு பிள்ளையிட்டை அனுப்பிவிட்டினம். பிழை சொல்லேலாது, அந்தப் பிள்ளை தங்கம். நான் அழுதால் தானும் மூக்கை உறிஞ்சும். நாலு எண்ணி மூச்சை இழுங்கோ, நாலு எண்ணிப் பிடியுங்கோ, ஆறு எண்ணி விடுங்கோ எண்டு பழக்கித் தந்தது. ஒழுங்காச் செய்தன். பயத்துக்கு அது நல்லா வேலை செய்துது, பொய் சொல்லக்கூடாது. நெஞ்சு மட்டும், நான் நாலு எண்ணி முடிக்கமுதல் தான் பத்து எண்ணிப்போடும்.

ஒருநாள் மிசினுக்கு முன்னாலை கண்ணை மூடிக்கொண்டு இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறன். அந்த நேரம் பாத்துப் பண்டத்தரிப்பிலையிருந்து ரெண்டு பஸ் மாறி வாற சரசு ரீச்சர் உள்ளை வந்தா. பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுப் பென்சன் எடுத்தவ, முப்பது வருசமா ஆற்றை தையலிலையும் திருப்தி காணாதவ. என்ரை கோலத்தைப் பாத்திட்டு வாசலிலையே செருப்பைக் கழட்டினா. "எப்ப தொடக்கம்?" எண்டு வசந்தியிட்டை ரகசியமாக் கேட்டா. வசந்தியும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு "ரெண்டு வருசமா, ரீச்சர்" எண்டாள். நான் கண்ணைத் திறக்கிறன், ரீச்சர் ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிக்கிறா. "அம்மாளாச்சி, நீ வந்திருக்கிற நேரத்திலை கேக்கிறனெண்டு நினையாதை. என்ரை சட்டைக் கையை இந்த முறையெண்டாலும் கொஞ்சம் லூசா விடச் சொல்லி இந்தப் பிள்ளைக்குச் சொல்லு."

அடிமனசு

என்ரை பயத்தை எனக்கு வடிவாத் தெரியும். பதினைஞ்சு வருசத்துக்கு மேலை ரெண்டு பேரும் ஒரே வீட்டிலை இருக்கிறம். அது சொல்லாமல் கொள்ளாமல் வராது. ஹெலி பறக்கவேணும், இல்லாட்டிப் பட்டாசு வெடிக்கவேணும். வெடிச்சுதெண்டால் நான் வெட்டு மேசைக்குக் கீழை. அஞ்சு நிமிசம் இருப்பன், பேந்து எழும்பி முழங்கால் தூசியைத் தட்டிப்போட்டு விட்ட இடத்திலையிருந்து தைப்பன். கடைக்கு வாறவைக்கும் அது பழகிப்போச்சு. மேசைக்கு மேலை துணியை வைச்சிட்டு, "ஆறுதலா வாரும்" எண்டு கதிரையிலை இருப்பினம்.

இது அப்பிடி இல்லை. தேங்காய் துருவேக்கை வரும். தொலைக்காட்சியிலை நாடகம் பாக்கேக்கை வரும், அதுவும் நாடகத்துக்கு இல்லை, விளம்பரத்துக்கு. ரெண்டு கோப்பை சோறு சாப்பிட்டிட்டு மெலிவன். "டொக்டர், பயம் வேறை, இது வேறை. பயத்தோடை நான் குடும்பம் நடத்திறனான், வந்தால் எனக்குத் தெரியாதோ?" எண்டு மூண்டாவது டொக்டருக்கு விளங்கப்படுத்தினன். தலை சரிஞ்சுது. அது அடிமனசிலை இருக்குதாம், எனக்கே தெரியாதாம். நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். போட்டன். நித்திரை வந்துது, நித்திரைக்குள்ளையும் நெஞ்சு இடிச்சுது.

கடைக்கு வந்து வசந்தியிட்டைச் சொன்னன். அவள் ஒரு குவியல் சட்டைக்குக் கொளுக்கி தைச்சுக்கொண்டிருந்தவள், நூலைப் பல்லாலை அறுத்திட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாள். "உங்களுக்கே தெரியாமல் உங்கடை அடிமனசு இவ்வளவு வேலை செய்யுதெண்டால் அக்கா, இதிலை ரெண்டு சட்டைக்குக் கொளுக்கி தைக்கச் சொல்லுங்கோவன்."

வாங்கிலை கிடைச்ச உறவு

ஒருமுறை கிளினிக் வாங்கிலை எனக்குப் பக்கத்திலை வல்வெட்டித்துறை ஆள் ஒருத்தர். அறுபது வயசு இருக்கும், கடலுக்குப் போறவர். ஒரு முழங்கால் முழங்கால் மாதிரி, மற்றது பூசணிக்காய் மாதிரி. "என்ன அண்ணை வருத்தம்?" எண்டு கேட்டன். "மனசாம்" எண்டார். "எனக்கும்தான்" எண்டன். ரெண்டு பேரும் கொப்பியை மாத்திப் பாத்தம். எனக்கு இங்கிலிஸ் பெரிசா வராது, எண்டாலும் ரெண்டு வருசமாப் பாத்த சொல்லை எங்கை கண்டாலும் தெரியும். அவற்றை முதல் பக்கத்திலையும் அச்சு அசலா அதே சொல்லு.

மூத்த மகனைச் சண்டையிலை துலைச்சவராம். முழங்காலைக் காட்டப் போன இடத்திலை கேட்டவையாம், சொன்னவராம். "ஐயோ அண்ணை, அதைச் சொல்லியிருக்கக் கூடாது" எண்டன். "அவனைப் பற்றி ஆரும் கேட்டுக் கனகாலம் தங்கச்சி, அதுதான் சொல்லிப்போட்டன்" எண்டார். அதுக்குள்ளை அவற்றை நம்பர் கூப்பிட்டினம். போன ஆள் ரெண்டு நிமிசத்திலை திரும்பி வந்தார். வாசலிலை நிண்டபடி டொக்டர் மாதிரித் தலையை ஒரு பக்கம் சரிச்சுக் காட்டினார் பாருங்கோ, நான் சிரிச்ச சிரிப்பிலை நேர்ஸ் எழும்பி வந்து பேசினவ. நொண்டிக்கொண்டு போகேக்கை என்னட்டைக் குனிஞ்சு சொல்லிப்போட்டுப் போனார்: "தங்கச்சி, வள்ளத்தாலை வழுக்கி விழுந்தது நான். என்ரை மனசு வள்ளத்துக்குள்ளைதான் இருந்தது."

கூறைச்சாறிச் சட்டை

இந்த ஒண்டிலை மட்டும் பகிடி கொஞ்சம் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆவணி மாசம், கலியாணக் காலம். எங்கடை ஒழுங்கைத் தெய்வானை அக்கா மூத்த மகளின்ரை கூறைச்சாறிச் சட்டையைத் தைக்க என்னட்டைத் தந்தா. சாறியோடை வாற துணி ஒரு துண்டுதான், பிழைச்சால் வேறை துண்டு இல்லை. அளந்து, கோடு போட்டு, கத்திரிக்கோலை வைக்கிறன், கை துள்ளிச்சு. முன்கழுத்திலை அரை இஞ்சி உள்ளுக்கு வெட்டிப்போட்டுது. ரெண்டு நாள் மினைக்கெட்டுக் கரைத் துண்டை வைச்சு மடிச்சுத் தைச்சு மறைச்சன். பொம்பிளைப்பிள்ளை போட்டுப் பாத்திட்டு, புது மாதிரி வடிவாயிருக்கு எண்டு துள்ளிச்சு. வெக்கமாப் போச்சு எனக்கு.

ஆனால் போட்டுப் பாக்கேக்கை கொளுக்கி பூட்ட என்ரை கை பட்டபாட்டைத் தெய்வானை அக்கா பாத்துக்கொண்டு நிண்டவ. ரெண்டாவது மகளின்ரை சட்டைத் துணியும் என்னட்டைத்தான் இருந்தது. அதை மேசையிலையிருந்து மெல்ல எடுத்துத் தன்ரை பைக்குள்ளை வைச்சா. கோபமாச் சொல்லியிருந்தாலும் நான் திருப்பிக் கதைச்சிருப்பன். அவ என்ரை தோளிலை கையை வைச்சுக்கொண்டு சொன்னா: "பிள்ளை, உன்ரை கையைப் பாக்க எனக்குப் பயமாக்கிடக்கு. மற்றச் சட்டையை நான் சாவகச்சேரியிலை குடுக்கிறன், குறை நினையாதை."

பதினாலரை

அவ போனபிறகு கடைக் கதவைச் சாத்திப்போட்டு இருந்து அழுதன். துணி போனதுக்கு இல்லை. எல்லாரும் சொல்லுறது சரியோ, எனக்கு விசர்தானோ, இந்தக் கையும் நெஞ்சும் நானே எனக்குச் செய்யிற நடிப்போ எண்டு நினைச்சன். என்னை நானே நம்பாமல் விட்டது அண்டைக்குத்தான். அந்த நினைப்பு, செல்லடிக்குள்ளை கிடந்ததை விடக் கொடுமை.

வசந்திக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "எழும்புங்கோ அக்கா, கோயில் திருவிழா வருது, உங்கடை சட்டைக்கு அளவெடுப்பம்" எண்டாள். வருசத்துக்கு ஒருக்கால் திருவிழாவுக்கு எனக்கு ஒரு சட்டை தைக்கிறனான். தையல்காரி தன்னைத் தானே அளக்கேலாது, அதாலை வசந்தி நாடா பிடிச்சு இலக்கத்தைச் சொல்லுவாள், நான் எழுதுவன். ஊராற்றை அளவெல்லாம் எனக்குப் பாடம். என்ரை பக்கத்திலை மட்டும் கீழ் வரியை எழுதுவனே தவிர மேல் வரியைப் பாத்ததில்லை. இடைக்கிடை கொலர் இறுக்கினால் கொளுக்கியைத் தள்ளித் தைச்சுப்போட்டு, எல்லாப் பொம்பிளையளையும் போலச் சவுக்காரத்தை ஏசினனான்.

"கழுத்து பதினாலரை" எண்டாள். எழுதினன். "இடுப்பு இருவத்தெட்டரை" எண்டாள். எழுதினன். பேந்து அவள் என்ரை கையிலையிருந்து கொப்பியைப் பறிச்சாள். மேல் வரியிலை, போன வருசம், கழுத்து பதின்மூண்டரை, இடுப்பு முப்பத்தொண்டரை. அதுக்கு மேலை, கழுத்து பதின்மூண்டு, இடுப்பு முப்பத்திநாலு. நாடாவை உதறிப்போட்டுத் திரும்பவும் மூண்டுதரம் அளந்தாள். பேந்து வாங்கிலை தொப்பெண்டு இருந்திட்டாள். "உடம்பு முழுக்க மெலிஞ்சு கழுத்து மட்டும் கொழுத்த பொம்பிளையை நான் இருவது வருசத்திலை கண்டதில்லை அக்கா. உது மனசு இல்லை."

இண்டைக்கு இந்தக் கொப்பிதான்

அடுத்த கிளினிக்குக்கு ரெண்டு கொப்பியையும் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு போனன். அண்டைக்குப் புது டொக்டர், ஒரு பொம்பிளைப்பிள்ளை. என்ரை நம்பர் வரக் கையை விட்டு அளவுக் கொப்பியை எடுத்து, என்ரை பக்கத்தைத் திறந்தபடி மேசையிலை வைச்சன். பக்கத்திலை நிண்ட நேர்ஸ் எட்டிப் பாத்திட்டு, "அம்மா, கொப்பியை மாறிக் கொண்டுவந்திட்டீங்கள்" எண்டா. "இல்லை மிஸ், இண்டைக்கு இந்தக் கொப்பிதான்" எண்டன். "கிளினிக் கொப்பி எங்கை?" "பைக்குள்ளை இருக்கு. இதைப் பாத்து முடிச்சால்தான் அதைத் தருவன்." ஆஸ்பத்திரியிலை இப்பிடிக் கதைக்கிற தைரியம் எனக்கு எங்கையிருந்து வந்துதெண்டு தெரியேல்லை. நெஞ்சு இடிச்ச இடிக்கு மேசையே ஆடியிருக்கும்.

டொக்டர் தலையைச் சரிக்கேல்லை. குனிஞ்சு மூண்டு வரியையும் விரலை வைச்சு வாசிச்சா. "இது ஆற்றை அளவு?" "என்ரை." "எத்தினை வருசம்?" "மூண்டு திருவிழா." கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வந்து, கொலரைக் கழட்டச் சொன்னா. அந்தத் தழும்பை நான் ஒருத்தருக்கும் காட்டுறதில்லை. கழட்டினன். அவ தழும்பைப் பாத்தா, அதைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லை. அதுக்கு மேலை ரெண்டு கையாலையும் கழுத்தைத் தடவினா, தண்ணி தந்து விழுங்கச் சொல்லித் திரும்பவும் தடவினா, கையை நீட்டச் சொல்லி விரலிலை ஒரு கடதாசியை வைச்சா. கடதாசி ஆடிச்சு. இரத்தம் குத்திப் பாக்கத் துண்டு எழுதிக்கொண்டே கேட்டா: "இவ்வளவு நாளும் இந்தக் கொலரை ஆரும் கழட்டச் சொல்லேல்லையோ அம்மா?"

பேர் வைச்ச வருத்தம்

தைரொயிட்டாம். கழுத்திலை இருக்கிற சுரப்பி ஒண்டு அளவுக்கு மிஞ்சி வேலை செய்யுதாம். நெஞ்சிடி, வேர்வை, மெலிவு, நடுக்கம் எல்லாம் அதின்ரை வேலையாம். குளிசை இருக்காம், ஒழுங்காப் போடவேணுமாம். வருத்தம் இருக்கு எண்டு கேட்டுச் சந்தோசத்திலை அழுத விசரி நான் ஒருத்தியாத்தான் இருப்பன். கடைக்கு ஓடிவந்து வசந்தியைக் கட்டிப்பிடிச்சன். அவளுக்கும் கண் கலங்கினதுதான், காட்டாமல் மற்றப்பக்கம் திரும்பி, எங்கடை கடையிலை அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிற ஒருத்தர் இருக்கிறதே பெரிய விசயம் எண்டாள்.

முதல் பக்கம் எழுதின டொக்டரைப் பேந்து ஒருநாள் நடைபாதையிலை கண்டன். விடுவனோ? கொப்பியை நீட்டிப் புதுப் பக்கத்தைக் காட்டினன். வாசிச்சார். முகம் சிவந்துபோச்சு, பாவம். "நல்லகாலம் பிடிச்சினம், அம்மா" எண்டார். உண்மையாத்தான் சொன்னார். ஆனால் பழக்கம் விடுமோ, தலை தன்ரை பாட்டிலை ஒரு பக்கம் சரிஞ்சுது. "எண்டாலும் கொஞ்சம் யோசிக்கிறதைக் குறைச்சால் தைரொயிட்டுக்கும் நல்லதுதான்."

மேசைக்குக் கீழை

குளிசை போடத் தொடங்கி நாலைஞ்சு மாசத்திலை கை அடங்கிச்சு. ஒருநாள் ஒரே குத்திலை ஊசிக்கு நூல் கோத்திட்டு, ஆரோ பரிசு தந்த மாதிரிக் கடை முழுக்கக் கொண்டு திரிஞ்சன். அதுக்கு ரெண்டு கிழமையாலை தெய்வானை அக்கா ரெண்டாவது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தா. சாவகச்சேரிச் சட்டை சரிவரேல்லையாம். அவளுக்கும் கலியாணம் சரிவந்திட்டுதாம், கூறைச்சாறிச் சட்டையும் பாவாடையும் தைக்கவேணுமாம். முதல் வேலையா என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு, வெண்டிக்காய் பாக்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பாத்தா. நான் சிரிச்சுக்கொண்டு நாடாவை எடுத்துக் கழுத்திலை போட்டன்.

அந்த நேரம் பாத்துக் கோயிலடியிலை படபடவெண்டு வெடி கொளுத்தினாங்கள். கண்ணைத் திறக்கிறன், நான் மேசைக்குக் கீழை. தைரொயிட்டுக்குக் குடிக்கிற குளிசை இதுக்கு வேலை செய்யாதெண்டு டொக்டர் முன்னமே சொன்னவ. நெஞ்சு இடிக்குது, ஆனால் இது பழைய ஆள், எனக்குத் தெரிஞ்ச ஆள். நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணிப் பிடிச்சு, ஆறு எண்ணி விட்டன். எண்டாலும் துணியை எடுத்துப் பைக்குள்ளை வைக்கிற சத்தம் கேக்கப்போகுதெண்டு காதைக் குடுத்துக்கொண்டிருந்தன். கேக்கேல்லை. மேசைக்குப் பக்கத்திலை மகளின்ரை ரெண்டு கால் வந்து நிண்டுது. தெய்வானை அக்கா குனிஞ்சு எட்டிப் பாத்தா. "அவசரமில்லைப் பிள்ளை, வெடி முடியட்டும். கீழைதானே இருக்கிறாய், அப்பிடியே இவளின்ரை பாவாடை நீளத்தையும் அளந்திட்டு வா."

ஆகச் சொந்தங்களே, எனக்கு இப்ப ரெண்டு வருத்தம் இருக்கு, ஒண்டுக்குக் குளிசை, மற்றதுக்கு மேசை, ரெண்டையும் முதல் பக்கத்திலை ஒரே வரியிலை எழுதிப்போடாதேங்கோ எண்டுதான் டொக்டர்மாரைக் கேக்கிறன்.